ஐந்து மில்லிமீட்டர் பகை

'டமார்' என்று ஒரு சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே நானூறு போல்ட்டுகள் நாலா பக்கமும் உருண்டோடும் சத்தம்.

மேலாளர் கையில் நூல்கண்டுடன் அப்படியே சிலையாக நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். இன்னும் திறக்கப்படாத ஐந்து மாடிக் கண் மருத்துவமனை. கீழ்த்தளத்தில் மருந்துக் கடைக்கென்று ஒதுக்கியிருந்த அறையில் ஐந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காலைக் கூட்டத்தை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் போடும் நாலு பேர் கொண்ட குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவுக்குள் நல்லுறவை வளர்ப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து, அவர் கையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். ஒருவர் இன்னொருவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்டை அவரிடம் வீச வேண்டும். கடைசியில் எல்லோரும் ஒரே நூலால் பிணைக்கப்பட்டிருப்பார்கள். அவிழ்ப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இன்றைக்குக் கண்டை வீசுவதற்கு முன்னால், லிஃப்ட்டைப் பொருத்துகிற ஃபிட்டர், போல்ட் டப்பாவை வீசிவிட்டார்.

"யாரைப் பார்த்து கதவைக் கோணலா மாட்டிட்டேன்னு சொல்றீங்க?" என்றார் ஃபிட்டர்.

"கதவைப் பார்த்துத்தான் சொன்னேன். கதவே கம்முனு இருக்கு, உங்களுக்கு ஏன் வலிக்குது?" என்றார் டிசைனர் அம்மா. லிஃப்ட்டின் படங்களை எல்லாம் வரைந்தவர் அவர்தான்.

"கதவுக்கும் நிலைக்கும் நடுவுல அஞ்சு மில்லிமீட்டர்னு வரைஞ்சு வச்சிருக்கீங்களே, அதுல ஒரு எறும்புகூட ஒருக்களிச்சுத்தான் போகணும். ஆறு வேணும்."

"எறும்புக்கா லிஃப்ட் போடுறோம்?"

"இனிமே இந்த அம்மா இருக்கிற ரூம்ல நான் இருக்க மாட்டேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. இன்னைக்காவது காத்து வரும்."

மேலாளர் நூல்கண்டைக் கீழே வைத்தார். அவசர அவசரமாகப் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டினார். பதினாலாம் பக்கம். 'கோபத்தில் இருப்பவர்களை ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். முதலில் தூரம், பிறகு தூது.'

"கூட்டம் இன்னைக்கு இல்ல," என்றார் கனத்த மனசோடு. "டிசைனர் அம்மா அஞ்சாவது மாடிக்குப் போங்க. ஃபிட்டர், நீங்க கீழேயே இருங்க. என்ன பேசணும்னாலும் என் மூலமாப் பேசுங்க."

அடுத்த நிமிடம் அறை காலி. குழுவின் மற்ற இருவர், புரோகிராமரும் ஸ்டோர்க்காரரும்கூடப் போய்விட்டார்கள். மேலாளர் முட்டி போட்டு ஒவ்வொரு போல்ட்டாகப் பொறுக்கினார்.

பொறுக்கிக்கொண்டே நாளை எண்ணினார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கம்பெனி டைரக்டர் நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவர் போன வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பத்து மணிக்கு லிஃப்ட் ஓடணும். ஓடலைன்னா இந்த வேலையை உங்க மச்சினன் டீமுக்கு மாத்திடுவேன்."

மச்சினன் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அதே கம்பெனியில் இன்னொரு குழுவுக்குத் தலைவன். மேலாளரைவிட வயதில் எட்டு வருஷம் சின்னவன். வாயில் எட்டு வருஷம் மூத்தவன். வேலை அவன் கைக்குப் போனால் அது அலுவலகத்தோடு முடிந்துவிடாது. ஆயுசு முழுக்கச் சாப்பாட்டு மேஜைக்கு வரும்.

தூது வேலை பத்து மணிக்கு ஆரம்பித்தது.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை என்பதால் படிக்கட்டுதான் வழி. கீழேயிருந்து ஐந்தாவது மாடிக்கு நூற்றுப் பதினாறு படிகள். முதல் தடவை ஏறி முடித்ததும் மேலாளருக்கு மூச்சு முட்டியது.

"அஞ்சு மில்லிமீட்டர்தான், அதுக்கு மேல ஒரு நூல்கூட விட மாட்டேன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க," என்றார் டிசைனர் அம்மா. "கண்ணு தெரியலைன்னா இங்கேயே ஆஸ்பத்திரி இருக்கு, காட்டிக்கச் சொல்லுங்க."

மேலாளர் இறங்கினார். இரண்டாவது மாடியில் பெருக்குகிற அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா சார், ஈரம்," என்றார்.

அந்த இடைவெளியில் மேலாளர் யோசித்தார். இதை அப்படியே சொன்னால் பற்றி எரியும். கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொன்னால் என்ன?

கீழே ஃபிட்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மேலாளரைப் பார்த்ததும், "சரி, வச்சிடறேன்," என்று சட்டென்று போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"உங்க கைப்பக்குவத்தைப் பத்தித்தான் பேசிட்டிருந்தாங்க. இப்படி ஒரு ஃபிட்டரை இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லையாம்."

"இடைவெளி?"

"என்ன இடைவெளி?"

"அஞ்சா, ஆறா சார்?"

மேலாளர் விழித்தார். சர்க்கரை போட்டுக் கலக்கிய அவசரத்தில் சரக்கைக் கீழே கொட்டிவிட்டார். திரும்ப நூற்றுப் பதினாறு.

"என்ன சார், பதில் சொன்னாரா?" என்றார் டிசைனர் அம்மா.

"சொல்றதா? அழுதுட்டாரும்மா. உங்க படத்தை நெஞ்சோட சேர்த்து வச்சுக்கிட்டு."

"அவரா? அழுதாரா?"

"தாரை தாரையா."

டிசைனர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. உருகிவிட்டார் என்று மேலாளர் எடுத்துக்கொண்டார்.

"படம் நனைஞ்சிருந்தா வேற பிரதி தரேன்னு சொல்லுங்க," என்றார் திரும்பாமலே. "இடைவெளி அஞ்சு."

மூன்றாவது மாடி திரும்பும்போது ஐந்து என்றாரா ஆறு என்றாரா என்று சந்தேகம் வந்துவிட்டது. இருவர் மனமும் கோணக் கூடாது என்று, "அஞ்சரை," என்று ஃபிட்டரிடம் சொல்லி வைத்தார்.

மதியத்துக்குள் ஏழு தடவை ஏறி இறங்கியாயிற்று. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம் இடி. மேலாளருக்கு முழங்காலிலும் சேர்த்து இடி. நடுவில் மச்சினன் போன் செய்தான்.

"அத்தான், டீம்ல அடிதடியாமே?"

"யார் சொன்னது? எல்லாரும் கூடப்பிறந்தவங்க மாதிரி இருக்காங்க."

"அதைத்தான் நானும் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை நானும் டைரக்டர் கூட வரேன். சாமானை எல்லாம் ஒரு ஓரமா அடுக்கி வைங்க அத்தான், எடுத்துட்டுப் போக வசதியா இருக்கும்."

மேலாளருக்குச் சுருக்கென்றது. நாளைக்குள் இந்தச் சண்டையைத் தீர்த்தே ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை இருவரையும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். கீழேயிருந்து பாதி தூரம், மேலேயிருந்து பாதி தூரம். நூலின் ஒரு முனை இவர் கையில், மறுமுனை அவர் கையில்.

"நல்லதா ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு. நீங்க முதல்ல."

"அவங்க கையெழுத்து நல்லா இருக்கும்," என்றார் ஃபிட்டர்.

"அவர் நேரத்துக்கு வருவாரு," என்றார் டிசைனர் அம்மா.

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுலபமா? பயிற்சிக்குப் போனது வீண் போகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் படிக்கட்டுச் சுவர் அதிர அறிவித்தார்.

"பதினோரு மணிக்கு எல்லாரும் கீழே வந்துடுங்க. நேத்து விட்டுப்போன கூட்டத்தையும் சேர்த்து இன்னைக்கே பெரிசா போட்டுடலாம்."

சொல்லி வாய் மூடவில்லை. கீழே ஸ்டோரிலிருந்து தகரம் கிழிகிற மாதிரி ஒரு கூச்சல்.

ஓடினார். லிஃப்ட்டுக்கு மூளை கொடுக்கிற புரோகிராமரும், உதிரிச் சாமான்களைக் காக்கிற ஸ்டோர்க்காரரும் மூக்கோடு மூக்கு உரச நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னப்பா பிரச்சனை?"

"இவர் தும்மும்போது என் பக்கமே திரும்பித் தும்முறாரு சார்," என்றார் புரோகிராமர்.

"நான் எங்க தும்மணும்னு நீங்க புரோகிராம் எழுதிக் கொடுங்களேன்," என்றார் ஸ்டோர்க்காரர்.

"இதுக்கா சண்டை?"

"மூணு வருஷமா அடக்கி வச்சிருந்தேன் சார். இன்னைக்கு வெடிச்சிடுச்சு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பதினாலாம் பக்கம் என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்தாக வேண்டும். கூட்டம் ரத்து. புரோகிராமர் நாலாவது மாடி. ஸ்டோர்க்காரர் இரண்டாவது மாடி. இவர்களுக்குள்ளும் இனிமேல் மேலாளர்தான் தபால்.

அன்று மாலை அவர் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததை மனைவி பார்த்தார்.

"என்னங்க, கால்ல என்ன?"

"தகவல் தொடர்பு."

"அது காதுலதானே வரும்?"

மேலாளர் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டார்.

"ஆபீஸ்ல நாலு பேருக்காக நீங்களே பேசுறீங்க. வீட்டுல உங்களுக்காகப் பேச நான் யாரை வைக்கிறது?" என்றார் மனைவி. "தம்பி போன் பண்ணினான். வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம்தான் வரானாம். சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்."

மேலாளர் வாளிக்குள் தலையையும் விட்டுவிடலாமா என்று யோசித்தார்.

புதன்கிழமை வாய்த்தூதை விட்டுவிட்டு எழுத்துக்கு மாறினார். வாயால் சொன்னால் அளவு மறந்துபோகிறது, எழுத்தென்றால் அழியாது. ஒவ்வொருவரும் மற்ற மூவரிடமும் மன்னிப்புக் கேட்பது போலப் பன்னிரண்டு கடிதங்களை அவரே எழுதினார். ஃபிட்டருக்கு நீல மை, டிசைனர் அம்மாவுக்குப் பச்சை, புரோகிராமருக்குப் பென்சில், ஸ்டோர்க்காரருக்குச் சிவப்பு. கையெழுத்தையும் நாலு விதமாகச் சாய்த்து எழுதினார். மடித்து, உறையில் போட்டு, மாடி மாடியாகக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் ஃபிட்டர் வந்து நின்றார்.

"சார், எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு."

"பார்த்தீங்களா? யாரோ மனசு மாறியிருக்காங்க."

"நான்தான் சார் மாறியிருக்கேன். என்கிட்ட நானே மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

மேலாளர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். நீல மை. உறை மாறிப்போயிருந்தது.

"நல்லாத்தான் சார் எழுதியிருக்கேன்," என்றார் ஃபிட்டர். "'என் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொண்ட தங்கள் பெருந்தன்மைக்குத் தலை வணங்குகிறேன்'னு வர இடம் ரொம்ப உருக்கமா இருந்துச்சு. நான் என்னை மன்னிச்சுட்டேன்."

மற்றவர்கள் மன்னிக்கவில்லை. இது யார் செய்த மோசடி என்று மூன்று பேரும் மூன்று மாடியிலிருந்தும் படிக்கட்டுக் கைப்பிடியில் எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். விவரம் என்னவென்று உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு கூட்டம் போடலாம் என்று மேலாளர் கீழேயிருந்து மன்றாடினார். அவ்வளவுதான், டிசைனர் அம்மா ஸ்டோர்க்காரரோடும், ஃபிட்டர் புரோகிராமரோடும் புதிதாகச் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். யார் சுத்தியல் தட்டும் சத்தம் யாருக்குத் தலைவலி தருகிறது என்பதில் ஆரம்பித்து, யார் நடை யாருக்குப் பிடிக்கவில்லை என்பது வரை போனது.

யார் யாரோடு பேசுவதில்லை என்று மேலாளர் ஒரு அட்டையில் கோடு போட்டு வைத்துக்கொண்டார். புதன் மாலைக்குள் கோடு போட இடமில்லை. யாரும் யாரோடும் பேசுவதில்லை. முடிந்தது.

"நான் துடைக்கலாமா சார், இல்ல இன்னும் இறங்குவீங்களா?" என்று கேட்டார் பெருக்குகிற அம்மா.

"துடைங்கம்மா," என்றார் மேலாளர். "எல்லாத்தையும் துடைச்சிடுங்க."

வியாழக்கிழமை முழுக்கக் கட்டடம் அதிர்ந்தது. சுத்தியல், துளைபோடும் மெஷின், கம்பி இழுக்கும் சத்தம். கோபத்தை இரும்பின் மேல் காட்டுகிறார்கள் என்று மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார். போய்ப் பார்க்கக் காலில் தெம்பில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'இந்தத் தோல்விக்கு நான் மட்டுமே பொறுப்பு; குழுவினர் நல்லவர்கள், தனித்தனியாக' என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டைரக்டர் வந்தார். பின்னாலேயே மச்சினன், கையில் அளவு நாடாவோடு.

"அத்தான், என்ன இப்படி நடக்குறீங்க? கால்ல ஏதாவது குத்திடுச்சா?"

ஃபிட்டர், டிசைனர் அம்மா, புரோகிராமர் மூவரும் மூன்று மூலையில் நின்றார்கள். ஸ்டோர்க்காரரைக் காணோம். பல் வலி என்று லீவு.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் டைரக்டர்.

மேலாளர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். "சார், அதுக்கு முன்னால நான் ஒரு உண்மையைச் சொல்லணும். இந்த டீம்ல..."

டைரக்டர் அதற்குள் பட்டனை அழுத்திவிட்டார்.

பட்டன் ஒளிர்ந்தது. மேலேயிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் இறங்கி வந்தது. கதவு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திறந்தது.

மேலாளர் கை சட்டைப்பைக்குள்ளேயே உறைந்துவிட்டது.

எல்லோரும் ஏறினார்கள். ஐந்தாவது மாடி வரை ஒரு குலுக்கல் இல்லை. இறங்கும்போது டைரக்டர் ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தினார். தரைக்குத் தரை மட்டமாக நின்றது. மச்சினன் கீழே வந்ததும் முட்டி போட்டுக் கதவின் இடைவெளியை அளந்தான். மேலே அளந்தான். கீழே அளந்தான். நடுவில் அளந்தான்.

"எவ்வளவு?" என்றார் டைரக்டர்.

"அஞ்சு," என்றான் மச்சினன், பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லா இடத்துலயும் அஞ்சு."

டைரக்டர் மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அபாரம். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு நம்பிக்கையே இல்ல. மூணு மாசமா ஒரு மாடிகூட நகரலை. இந்த ஒரே வாரத்துல எப்படி முடிச்சீங்க?"

மேலாளர் சட்டைப்பைக்குள் தாளைச் சத்தமில்லாமல் கசக்கினார். அஞ்சரை என்று சொன்னதும், பன்னிரண்டு கடிதமும், நூற்றுப் பதினாறு படிகளும் அவர் கண் முன்னால் ஓடின. ஆக, எல்லாம் பலித்திருக்கிறது. உள்ளுக்குள் ஏதோ நூல் இவர்களைப் பிணைத்துத்தான் இருக்கிறது.

"தகவல் தொடர்பு சார்," என்றார் நெஞ்சில் கை வைத்து. "மனசுக்கும் மனசுக்கும் நடுவுல இடைவெளி விடக் கூடாது. அவ்வளவுதான்."

"பத்து மாடிக் கட்டடம் ஒண்ணு வருது. அதையும் உங்க டீமே எடுத்துக்குங்க," என்றார் டைரக்டர்.

மச்சினன் அளவு நாடாவைச் சுருட்டினான். அது 'சர்ர்' என்று போய் அவன் விரலிலேயே அடித்தது.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. இந்தச் சந்தோஷத்தை எல்லோரோடும் பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியுமா? கால்சட்டைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார்.

"எல்லாரும் வாங்க. நாற்காலியை வட்டமாப் போடுங்க. டைரக்டர் சாரும் உட்காரட்டும். இந்த வாரம் நாம ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் என்ன கத்துக்கிட்டோம்னு மனசு விட்டுப் பேச, இப்பவே ஒரு சின்னக் கூட்டம். மூணு மணி நேரம்தான் ஆகும்."

ஃபிட்டர் டிசைனர் அம்மாவைப் பார்த்தார். டிசைனர் அம்மா புரோகிராமரைப் பார்த்தார். புரோகிராமர் ஸ்டோர் கதவைப் பார்த்தார், அது பூட்டியிருந்தது. மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்கள்.

'டணார்' என்று ஒரு சத்தம். தண்ணீர் வாளி ஒன்று உருண்டு வந்து டைரக்டரின் காலடியில் நின்றது.

பின்னாலேயே பெருக்குகிற அம்மா வந்தார். துடைப்பத்தைத் தரையில் ஊன்றி, ஃபிட்டரை நோக்கி விரலை நீட்டினார். பிறகு நீட்டிய கையைத் திருப்பி, உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"இனிமே... உங்களுக்கும் எனக்கும்... பேச்சுவார்த்தை கிடையாது. நீங்க இருக்கிற ரூம்ல..." கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். "...நான் இருக்க மாட்டேன்."

மேலாளர் திகைத்துப்போனார்.

"என்னம்மா இது? உங்களுக்கும் அவருக்கும் என்ன தகராறு?"

"எனக்கு ஒரு தகராறும் இல்ல சார். நீங்க கூட்டம்னு சொன்னதும் முறை வச்சு யாராவது ஒருத்தர் சண்டையை ஆரம்பிக்கணுமாம், அப்பதான் வேலை நடக்குமாம். இன்னைக்கு ஸ்டோர்க்காரரோட முறை, அவர் லீவு, அதான் என்னைப் போடச் சொன்னாங்க."